கைப்பிடி ஓர் ஊர், அலகு ஓர் ஊர்

கேள்வி இதுதான்: வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்திய வாள் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். கைப்பிடி முழுக்கப் பொன்னில் பூவும் கொடியும், கூடவே பொன்னால் அரபு எழுத்தும். பக்கத்து அட்டையில் "தல்வார், எஃகு, பொன், இந்தியா, 18ஆம் நூற்றாண்டு", அவ்வளவுதான். இது சண்டை போட்ட வாளா, சும்மா அழகுக்கா? கைப்பிடி ஏன் சின்னப் பையன் பிடிக்கிற அளவில் இருக்கிறது? 18ஆம் நூற்றாண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கடைசியாக, சொந்தக்காரர் வீட்டில் இருக்கும் பழைய வாளின் துருவைத் தேய்த்து எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில்: தயவுசெய்து கையை வைக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த அட்டை. அதில் எழுதியிருப்பது பொய் இல்லை, ஆனால் பாதிதான். ஒரு இந்திய வாளுக்கு ஒரே ஒரு பிறந்த வருஷம் என்று சொல்வதே பல நேரம் சரிப்படாது. ஏனென்றால் அது ஒரே ஆள் ஒரே பட்டறையில் உட்கார்ந்து செய்து முடித்த பொருள் கிடையாது. அலகை அடித்தவன் ஒருவன், கைப்பிடி செய்தவன் இன்னொருவன், பொன் வைத்தவன் மூன்றாவது ஆள், உறை தைத்தவன் நான்காவது ஆள். நாலு பேரும் ஒரே ஊரில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரே நூற்றாண்டில் இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

இது எப்படி என்று புரிய, தல்வாரை, அதாவது இந்த வளைந்த இந்திய வாளை, எப்படிக் கோக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஐரோப்பிய வாள்களில் பெரும்பாலும் அலகின் அடியிலிருந்து வரும் காம்பு கைப்பிடியை முழுக்க ஊடுருவிப் போய் மறுமுனையில் சம்மட்டியால் அடித்து மடக்கப்பட்டிருக்கும். கழற்ற வேண்டுமானால் சேதம் வரும். தல்வாரின் கைப்பிடி அப்படியில்லை, உள்ளே கூடு. அலகின் காம்பும் குட்டை. கூட்டுக்குள் அரக்கைப் பொடிகளோடு கலந்து உருக்கி ஊற்றி, சூடாக இருக்கும்போதே காம்பைச் செருகிவிடுவார்கள். ஆறினால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். கத்திப் பிடிக்குள் அரக்கு வைத்து இறுக்குவதைப் பழைய கொல்லுப்பட்டறையில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதே அரக்கை மறுபடி சூடு காட்டினால் இளகும், அலகு கையோடு வந்துவிடும். அப்பாவுடைய அலகுக்கு மகன் புதுக் கைப்பிடி போடலாம். போரில் பிடித்த அலகுக்கு நம்ம ஊர்ப் பாணியில் பிடி மாட்டலாம். நூறு வருஷம் கழித்து ஒரு வியாபாரி, நல்ல அலகையும் நல்ல கைப்பிடியையும் சேர்த்து வெள்ளைக்காரப் பயணிக்கு விற்கவும் செய்யலாம். எல்லாமே நடந்திருக்கிறது. ஆகவே அட்டையில் 18ஆம் நூற்றாண்டு என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் கைப்பிடியின் வடிவத்தையும் பொன் வேலையின் பாணியையும் வைத்துச் சொன்ன வயது. அலகு அதைவிட நூறு வருஷம் மூத்ததாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, கைப்பிடி ஏன் சின்னது?

அந்தக் காலத்து ஆட்களுக்குக் கை சின்னது என்று ஒரு விளக்கம் எங்கே பார்த்தாலும் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பிடிக்கும் இடம் பல தல்வார்களில் சுமார் 8 செ.மீ.தான் என்பது உண்மை. ஆனால் அதை நான்கு விரலும் உள்ளே அடங்குகிற மாதிரி, கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் "சின்னது" என்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர் வீட்டில் முதல்முறை கையில் எடுத்தபோது நானும் அப்படித்தான் பிடித்தேன். கைப்பிடியின் அடியில் ஒரு வட்டத் தட்டு இருக்குமே, அது மணிக்கட்டின் எலும்பில் வந்து இடித்தது. அவர் சிரித்துவிட்டு ஆள்காட்டி விரலைப் பிடித்து, குறுக்கே இருக்கும் தடிக்கு முன்னால் இழுத்து, அலகின் அடிப்பகுதியில் வளைத்து வைத்தார். அவ்வளவுதான், மூன்று விரல் உள்ளே, ஒரு விரல் வெளியே, வாள் கைக்குள் பூட்டின மாதிரி உட்கார்ந்துவிட்டது. சுமார் ஒரு கிலோ எடை, ஆனால் பாதி எடைதான் இருப்பதாகத் தோன்றியது.

விரல் அறுபடாதா என்றால், அறுபடாது. இந்தியாவில் அடித்த தல்வார் அலகுகளில் கைப்பிடியை ஒட்டி நாலைந்து செ.மீ. தூரத்துக்குக் கூர் வைக்கவே மாட்டார்கள். மொட்டையாக விட்டிருப்பார்கள். அங்கேதான் விரல் உட்காரும். அந்த வட்டத் தட்டுக்கும் வேலை உண்டு. மணிக்கட்டை முன்னால் நீட்டவிடாமல் அது தடுக்கிறது. அதனால் இந்த வாளால் குத்துவது கஷ்டம், கையை நீட்டி நுனியால் வெட்டுவதும் சுகப்படாது. தோளிலிருந்து வீசி, உடம்போடு சேர்த்து இழுத்து அறுப்பதுதான் இதற்கு வரும். வளைந்த அலகு, இறுக்கமான பிடி, தட்டு மூன்றும் ஒரே நோக்கத்துக்குச் செய்தவை. கரும்பை வெட்டும்போது அரிவாளைக் கீழ்நோக்கி இழுக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

அந்த மொட்டைப் பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொன்றுக்கும் உதவும். பாரசீகத்து அலகுகளில் இது இருக்காது, கூர் கைப்பிடி வரைக்கும் ஓடிவரும். ஆகவே தல்வார் கைப்பிடிக்கு மேலே மொட்டைப் பகுதியே இல்லாமல் ஒல்லியாக, நன்றாக வளைந்து, ஒரே சீராகக் கூர்மையாகிப் போகும் அலகைக் கண்டால், அது பாரசீக அலகாக இருக்க வாய்ப்பு அதிகம். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

அடுத்து நீங்கள் மயங்கிப்போன பொன்னுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் அதைப் பொன் முலாம் என்று நினைக்கிறார்கள், இல்லை. இந்த வேலைக்குக் கோஃப்ட்காரி என்று பெயர். எஃகின் மேல் மெல்லிய உளியால் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக நுணுக்கமாகக் கீறிவிடுவார்கள். தேங்காய்த் துருவியின் பல் மாதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவில், சொரசொரப்பாகும். அதன்மேல் முடி மாதிரியான பொன் கம்பியை வைத்துப் பூவும் இலையுமாக வளைத்துக்கொண்டே தட்டினால், கீறலின் பற்கள் பொன்னைக் கவ்விக்கொள்ளும். பிறகு சூடு காட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இதைவிட உசத்தியான வேலை ஒன்றும் உண்டு. எஃகில் ஆழமாகக் குழி வெட்டி, அதில் பொன்னை இறக்கி அடிப்பது. அதில் பொன் உள்ளே இறங்கி நிற்கும், தலைமுறை கடந்தாலும் போகாது. கோஃப்ட்காரியில் பொன் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, கை பட்டுப் பட்டுத் தேயும்.

அந்தத் தேய்மானத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். அடுத்த முறை போகும்போது கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பொன் போன இடத்தில் அந்தக் கீறல்கள் சாம்பல் நிறத்தில் வலை மாதிரி தெரியும். எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஆள்காட்டி விரல் வளைகிற இடத்தில், உள்ளங்கை அழுத்துகிற வயிற்றுப் பகுதியில் மட்டும் தேய்ந்து, தட்டின் உட்புறத்திலும் ஓரங்களிலும் பொன் அப்படியே இருந்தால், யாரோ ஒருவர் அந்த வாளை வருஷக்கணக்கில் உண்மையிலேயே பிடித்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், தேய்த்துச் சுத்தம் செய்தவர்களின் கைங்கரியம். எங்குமே தேயவில்லை, பூவெல்லாம் புத்தம் புதிதாக நிற்கிறது என்றால், இரண்டில் ஒன்று. தர்பாருக்கு மட்டும் வெளியே வந்த வாள், இல்லாவிட்டால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விற்பனைக்காகச் செய்தது.

இந்தப் பின்னதற்கு ஒரு கதை உண்டு. கோஃப்ட்காரிக்குப் பேர்போன ஊர்கள் பஞ்சாபின் சியால்கோட்டும் குஜ்ராத்தும். குஜராத் மாநிலம் அல்ல, இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ராத் நகரம். ராஜஸ்தானில் உதய்ப்பூர், ஜெய்ப்பூர், அல்வார். பஞ்சாப் 1849-ல் கம்பெனி கைக்குப் போனது, 1857-க்குப் பிறகு ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள், 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளுக்குப் பொன் வைத்துப் பிழைத்தவன் என்ன செய்வான்? அதே கையால் நகைப்பெட்டி, தட்டு, மைக்கூடு, காகிதக் கத்தி என்று வெள்ளைக்கார வீட்டு மேஜைக்குச் செய்ய ஆரம்பித்தான். கூடவே சுவரில் மாட்டுவதற்கு வாளும் கேடயமும். பொன் வேலை முதல் தரம், அலகோ தகரத்துக்குச் சற்று மேலே. உதய்ப்பூரில் இந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது, அதனால் "பழையது" என்று விற்கப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது.

ஆக, பொன்னை வைத்து வாளை எடை போடாதீர்கள். ஒரு வாளின் உண்மையான அந்தஸ்து அலகில்தான் இருக்கிறது. அதைத்தான் பெட்டிக்குள் மங்கலான விளக்கில் யாருமே பார்ப்பதில்லை.

நல்ல பழைய அலகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் ஓடின மாதிரி, ஈர மணலில் அலை பின்வாங்கின தடம் மாதிரி, வெள்ளையும் சாம்பலுமாக மெல்லிய வரிகள் நெளியும். வரைந்ததும் இல்லை, பொறித்ததும் இல்லை. எஃகின் உள்ளேயே இருப்பது. உலகம் இதை டமாஸ்கஸ் எஃகு என்கிறது. பெயர் டமாஸ்கஸுக்குப் போனாலும் அதற்கான எஃகுக் கட்டி போனது நம் பக்கத்திலிருந்துதான். இங்கே தமிழ்நாட்டைச் சொல்வது ஊர்ப் பெருமைக்காக இல்லை, தடயம் இருக்கிறது. கொடுமணலில் அகழாய்வில் எஃகு உருக்கிய உலைகள் கிடைத்தன. மேல்சிறுவளூரில் உருக்கு வார்த்த மூசைகள், அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பிகள், கிடைத்திருக்கின்றன. சேலம், திருச்சி வட்டாரங்களில் 19ஆம் நூற்றாண்டு வரை இந்த வேலை நடந்ததை நேரில் பார்த்த ஆங்கிலேயர்கள் எழுதியிருக்கிறார்கள். தெலங்கானாவில் கோனசமுத்திரம் இன்னொரு பெரிய மையம், அங்கே பாரசீக வியாபாரிகளே வந்து கட்டி வாங்கிப் போனார்கள்.

செய்முறை கேட்டால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். உமி கலந்து பிசைந்த களிமண்ணில் சின்ன மூசை. அதற்குள் இரும்புத் துண்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, பல மூசைகளைச் சேர்த்து அடுக்கி, துருத்தி போட்டு மணிக்கணக்கில் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறும். ஏறினால் இரும்பின் உருகுநிலை இறங்கும், உள்ளேயே உருகி, மெல்ல ஆறி, உள்ளங்கையில் அடங்குகிற கட்டியாக வெளியே வரும். கரியின் அளவு சுமார் 1.5 சதவிகிதம், சாதாரண எஃகைவிட ரொம்ப அதிகம். அந்த அதிகப்படியான கரிதான் ஆறும்போதும் அடிக்கும்போதும் இரும்போடு சேர்ந்து கெட்டியான துகள்களாக வரிசைகட்டி நிற்கிறது. நாம் பார்க்கும் வெள்ளை வரிகள் அவைதான்.

இந்தக் கட்டிகள் 1790களில் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 'ஊட்ஸ்' என்ற பெயர் 1795-ல் அங்கே அச்சேறியது. கன்னடத்து 'உக்கு'தான் இப்படித் திரிந்தது என்பது பரவலான கருத்து. நம் 'உருக்கு' அதற்குப் பக்கத்து வீடு. மைக்கேல் ஃபாரடே, ஆமாம் மின்சாரத்து ஃபாரடேதான், கொல்லர் வீட்டுப் பிள்ளை, 1819 வாக்கில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இதைக் குடைந்து பார்த்தார். வரிக்குக் காரணம் பிடிபடவில்லை. ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தங்கள் வழக்கப்படி வெள்ளையாகக் கொதிக்கக் காய்ச்சி அடித்தபோது கட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. இதைச் சிவப்புச் சூட்டிலேயே வைத்து, பொறுமையாக, திரும்பத் திரும்பக் காய்ச்சித் தட்ட வேண்டும். 1990களில் அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃப்ரெட் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து செய்து காட்டிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. தாதுவிலேயே இருக்கும் வனேடியம் மாதிரியான உலோகங்கள், மிக மிகச் சொற்ப அளவில், அந்தத் துகள்களை வரிசையில் நிற்க வைக்கின்றன. அந்த மாதிரித் தாது கிடைக்காமல் போனதும் வரி வராமல் போனது என்பது அவர்கள் வாதம். 2006-ல் ஒரு பழைய அலகில் கார்பன் நானோகுழாய் கண்டதாக ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது, பத்திரிகைகள் "நம் முன்னோரின் நானோ தொழில்நுட்பம்" என்று ஊதின. கொல்லனுக்கு அதெல்லாம் தேவையே இல்லை. சூட்டின் நிறம் பார்க்கத் தெரிந்த கண் இருந்தது, அது போதுமான பெருமை.

அரபியில் நல்ல வாளுக்கு 'முஹன்னத்' என்று ஒரு சொல், இந்திய எஃகில் செய்தது என்று பொருள். பையன்களுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். சில அலகுகளில் வரிகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கே பட்டைகள் தெரியும், பாரசீகப் பக்கம் 'நாற்பது படி' என்பார்கள். அலகில் குறுக்குக் குறுக்காகப் பள்ளம் அரவி, மறுபடி அடித்துச் சமமாக்கினால் அடுக்குகள் வளைந்து படியாக மேலே வரும். உங்கள் பெட்டி வாளில் அது இருந்திருந்தால், கைப்பிடிப் பொன்னை எல்லாம் சுரண்டி எடுத்தாலும் அது பெரிய வாள்தான்.

எழுத்து இருந்தது என்றும் சொன்னீர்கள், அரபு எழுத்தில் பொன்னால். எதற்கும் பதறி நம்ப வேண்டாம். அசதுல்லா இஸ்ஃபஹானி என்ற பாரசீகக் கொல்லரின் பெயர் பொறித்த அலகுகள் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே மனிதர் அத்தனையும் அடித்திருக்க முடியாது, நாலு ஆயுள் வேண்டும். பெயர் ஒரு கட்டத்தில் கையெழுத்தாக இல்லாமல் தர முத்திரையாகிவிட்டது, இந்தியாவிலும் தாராளமாகப் பொறித்தார்கள். நாலு கட்டம் போட்ட சின்னச் சதுரம் ஒன்றும் அடிக்கடி வரும், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அரபு எழுத்து அல்லது எண். அவற்றின் மதிப்பு 2, 4, 6, 8. அது வாளுக்குக் காப்பு, நாம் கதவில் யந்திரத் தகடு அடிப்பதில்லையா, அந்த வகை.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது கேவலமாகத் தெரிகிற சின்னப் புள்ளிகள்தான். 1689-ல் ஆதோனிக் கோட்டை, இன்றைய ஆந்திரத்தில் கர்னூல் பக்கம், மொகலாயர் கையில் விழுந்தபோது அந்தப் படையில் இருந்த பிகானேர் மகாராஜா அனூப் சிங் அங்கிருந்த ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனார். பிகானேர் ஆயுதசாலைக் கணக்கர்கள் அவற்றில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தித் தேவநாகரியில் பதிவு போட்டுவைத்தார்கள், எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் என்று. பள்ளிக்கூட பெஞ்சில் எண் எழுதுவது மாதிரிதான், அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் இன்று தக்காணத்து ஆயுதம் ஒன்றுக்கு உறுதியாக வயது சொல்ல வேண்டுமானால் ஆய்வாளர்கள் கட்டிப் பிடித்துக்கொள்வது அந்தப் புள்ளிகளைத்தான். 1689-ல் கைப்பற்றியது என்றால் அதற்குமுன் செய்தது, வாதத்துக்கே இடமில்லை. பொன் எழுத்தில் பெருமை இருக்கும், கணக்கன் குத்தின புள்ளியில் தேதி இருக்கும்.

கைப்பிடி ஓர் ஊர், அலகு ஓர் ஊர் என்றேனே, அதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. போர்த்துக்கீசியர் காலம் முதல் ஐரோப்பிய அலகுகள் மேற்குக் கரை வழியாக நிறைய வந்தன. நேரான, நீளமான, இருபுறமும் கூர் உள்ள அலகுகள், பல ஜெர்மனியில் அடித்தவை. அவற்றில் உள்ளூர்க் கைப்பிடி மாட்டினால் அந்த வாளுக்குப் பெயரே ஃபிரங்கி. பரங்கிமலை, பரங்கிக்காய், எல்லாம் அந்த ஒரே சொல்தான். இத்தாலியின் ஜெனோவா அலகுகளில் கண்ணிமை மாதிரி இரண்டு அரைவட்டங்களும் பல்லும் கொண்ட முத்திரை இருக்கும். அதற்கு மவுசு கூடியதும் இங்கேயே அடித்த அலகிலும் அதே முத்திரையைக் குத்திவிட்டார்கள். போலி முத்திரை என்பது இன்றைக்கு வந்த பழக்கமில்லை.

தஞ்சாவூர் ஆயுதசாலையின் வாள்களும் கட்டாரிகள் என்ற குத்துவாள்களும் இந்தக் கலப்புக்கு அருமையான சாட்சி. கட்டாரிகளில் கையை மறைக்கும் தகடு பாய்மரம் மாதிரி விரிந்திருக்கும், ஓரத்தில் சின்ன யாளித் தலை, பிடியில் கோயில் தூண் மாதிரி நுணுக்கமான வெட்டு. கீழே அலகைப் பார்த்தால் பல கட்டாரிகளில் ஐரோப்பிய வாளை வெட்டி எடுத்த துண்டு. 1855-ல் வாரிசு இல்லாமல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி இறந்தார், கம்பெனி அரசாட்சியை எடுத்துக்கொண்டது. 1860களில் அரண்மனை ஆயுதசாலையில் குவியல் குவியலாகக் கிடந்த ஆயுதங்களில் நல்லதாகத் தெரிந்தவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எத்தனை நல்ல எஃகு அதில் ஆணியும் கடப்பாரையுமாகப் போயிருக்கும். தப்பியவற்றில் ஒரு பகுதி எழும்பூரில் இருக்கிறது, ஆயுதக் கூடத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கலாம். சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வரை போயிருக்கின்றன, ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935-ல் விட்டுப்போன சேகரிப்பின் வழியாக.

சண்டை வாளா, அழகு வாளா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இரண்டுக்கும் நடுவே கோடு போட முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஒரு சர்தார் தர்பாருக்குக் கட்டிக்கொண்டு போன வாளையே படைக்கும் கட்டிக்கொண்டு போனார். பொன் இருப்பதால் வெட்டாமல் போகாது. கோட்டின் அந்தக் கோடியில் முழு நகையாகவே ஆகிவிட்ட வாள்கள் உண்டு. ஜெய்ப்பூர் மகாராஜா சவாய் மாதோ சிங் 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்குக் கொடுத்த வாளில் 719 வைரங்கள், மொத்தம் 2000 காரட். அதைக் கொண்டு யாரும் வெங்காயம்கூட நறுக்க மாட்டார்கள். இந்தக் கோடியில் ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள். லூயிஸ் நோலன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி, பின்னாளில் 1854-ல் கிரிமியாவில் செத்தவர், இவர்களின் வெட்டுக் காயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, அப்படி என்ன மாய வாள் என்று தேடிப் போனார். பார்த்தால், ஆங்கிலேயப் படை கழித்துக்கட்டின பழைய அலகுகள்! இந்தியக் கைப்பிடி மாட்டி, சவரக்கத்தி மாதிரித் தீட்டி, மரத்தாலான உறையில் வைத்திருந்தார்கள், தேவையில்லாமல் உருவுவதே இல்லை. ஆங்கிலேயர்களோ அதே அலகை இரும்பு உறையில் போட்டு, அணிவகுப்புக்கு அணிவகுப்பு உருவி உருவிச் சொருகி, கூரை மழுக்கியிருந்தார்கள். ஆகவே உங்கள் வாளின் உறையைப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். மரத்தின்மேல் தோலோ வெல்வெட்டோ போர்த்தியிருந்தால், கூரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவரின் வாள்.

யாருடையது என்று ஒரு பெயர் ஒட்டியிருந்தால் மட்டும் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளைப் பொருளைப் பங்கிட அதிகாரிகளையே நியமித்தார்கள். அதன்பிறகு "திப்பு வாள்" வைத்திருக்காத ஆங்கிலேயக் குடும்பம் இல்லை என்கிற நிலை. உண்மையானவற்றுக்குப் பின்னால் காகிதம் இருக்கும், யார் யாருக்குக் கொடுத்தது என்று. 2023 மே மாதம் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போன திப்புவின் படுக்கையறை வாள், கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பேர்டுக்குக் கொடுக்கப்பட்டது என்ற சங்கிலி அறுபடாமல் வந்தது, விலையில் பெரும்பங்கு அந்தச் சங்கிலிக்குத்தான்.

கடைசிக் கேள்வி, வீட்டு வாள். சிவகங்கைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வாளை இறக்கி, புளி போட்டு, அதுவும் போதாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைப்பார்கள். எத்தனை தலைமுறையோ. அலகு எவர்சில்வர் கரண்டி மாதிரி பளபளவென்று இருந்தது, ஒரு வரி இல்லை. கைப்பிடியில் பொன் இருந்த அடையாளம் தட்டின் உள்மடிப்பில் மட்டும், ஒரு அரை இலை. சாதாரண வாள்தான் என்று வைத்துவிடப் போனேன். நுனியில் விரற்கடை நீளத்துக்கு ஒரு கருப்புக் கறை, போன பூஜையின் எலுமிச்சைச் சாறு வழிந்த இடம். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். அந்தக் கறைக்குள் மட்டும் தண்ணீர் வரி நெளிந்தது. அந்தக் காலத்தில் அலகுக்கு ஒரு தாது உப்புக் கரைசலைத் தடவித்தான் வரியை வெளியே கொண்டுவருவார்கள். அந்த வேலையைக் கொஞ்சம் எலுமிச்சை செய்திருக்கிறது. உப்புத்தாள் மேல்தோலைத்தான் சுரண்டியிருக்கிறது, உள்ளே எஃகு அப்படியேதான் இருந்தது.

நீங்களாக எலுமிச்சை தடவிப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், அமிலம் அங்கேயே நின்றால் அரித்துக் குழி விழும். துரு பரவாமல் இருக்க மெல்லிய எண்ணெய், உலர்ந்த துணி, தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் இருப்பது, இவ்வளவு போதும். நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்பதற்கும் விதி உண்டு, அதையும் சொந்தக்காரரிடம் சொல்லிவையுங்கள். சிவகங்கை வீட்டுப் பெரியம்மாவிடம் உப்புத்தாளை மட்டும் நிறுத்தச் சொன்னேன். பழம் குத்தாமல் பூஜை எப்படி என்று கேட்டார். குத்துங்கள், சாயங்காலமே எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.